கிளியம்மாவும் நூற்புழுவும்

கிளியம்மா வீட்டைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புவார்கள். "பேசுற கிளியா ஒரு ஜோடி இருந்தா நல்லா இருக்கும்" என்று வாசலில் நிற்பார்கள். அவள் முகத்தில் சிரிப்பே காட்டாமல் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து, "எது வேணுமோ பாத்து எடுத்துக்குங்க. பேசாது, ஆனா நல்லாக் குதிக்கும்" என்பாள். கம்பிவலைக்குள்ளே வெட்டுக்கிளிகள் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வந்தவர் செருப்பை மாட்டுகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் வேறு வேலைக்கு. பதினெட்டு வயதில் சட்டைக் கம்பெனியில் சேர்ந்தாள். காலர் தைக்கிற பிரிவு. மற்றவர்கள் சட்டையைப் பார்த்தால் கலரைப் பார்ப்பார்கள், அவள் கண் நேராகக் கழுத்துப்பட்டியின் முனைக்குப் போகும். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை படித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகிற வரைக்கும் காலர்தான். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. காவலாளி, "எனக்கும் சொல்லலம்மா" என்று கையை விரித்தார். அவ்வளவுதான்.

வீட்டில் சும்மா இருந்தாள். பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அவள் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். "கொஞ்ச நாள் ஓய்வா இரேன்" என்று அவர் சொன்னால் எரிந்து விழுந்தாள். அப்போதுதான் அவள் தம்பி வந்தான். அவனுக்குக் கடைவீதியில் பறவையும் மீனும் விற்கிற கடை. அவன் வாடிக்கைக்காரர்களில் சிலர் பூச்சி தின்கிற பறவை வளர்ப்பவர்கள், இன்னும் சிலர் பெரிய பெரிய பல்லிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் செல்லம் கொஞ்சுகிறவர்கள். அவற்றுக்கு உயிருள்ள வெட்டுக்கிளி வேண்டும். தூரத்திலிருந்து வரவழைத்தால் வழியிலேயே பாதி செத்துப்போகிறது.

"நீ வளத்துக் குடு அக்கா. புல்லு போட்டா தின்னுட்டு கிடக்கும். ஆடு மாடு வளக்கிற மாதிரிதான், என்ன, கொஞ்சம் சின்ன சைஸ்."

"கத்துமா?"

"கத்தாது."

"அப்ப உங்க மாமாவை விட மேல்" என்றாள்.

மாமா கத்தத்தான் செய்தார். "நாள் பூரா பஸ்ஸில கண்டவங்களோட மாரடிச்சுட்டு வீட்டுக்கு வந்தா, இங்க இதுங்களோட ஒண்டுக் குடித்தனம் பண்ணணுமா?" ஆனால் அவர் கோபம் பஸ் ஹார்ன் மாதிரி, அடித்து முடித்தால் முடிந்தது. பழைய கட்டில் சட்டத்தை அறுத்துக் கூண்டு அடித்துக் கொடுத்ததும் அவர்தான். சூட்டுக்கு ஒவ்வொரு கூண்டிலும் ஒரு குண்டு பல்பு மாட்டியதும் அவர்தான். பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டதா என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போய்ப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது.

வேலை அவளுக்குப் பிடிபட்டது. ஈர மணல் நிரப்பிய சின்னச் சட்டியைக் கூண்டுக்குள் வைத்தால் பெட்டைகள் வயிற்றை நீட்டி மணலுக்குள் செருகி முட்டையிடும். சட்டியை எடுத்து மூடிச் சூடான இடத்தில் வைத்தால் சில வாரத்தில் கடுகு சிதறினாற்போலக் குஞ்சுகள் வெளியே வரும். பாம்பு போலச் சட்டை கழற்றிக் கழற்றி வளரும். கடைசிச் சட்டையைக் கழற்றும்போது இறக்கை கசங்கின துணி போல இருக்கும், அப்புறம் மெள்ள மெள்ள இஸ்திரி போட்டது போல நீவிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்கென்றே அடுப்பில் இருப்பதை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். எல்லாம் ஒன்றாகப் புல் தின்னும்போது அறையில் ஒரு சத்தம் கேட்கும், யாரோ பக்கத்து அறையில் காகிதம் கசக்குவது போல. அந்தச் சத்தம் இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தம். தம்பி கடைக்கு வாராவாரம் பெட்டி போனது. தெரு அவளுக்குக் கிளியம்மா என்று பேர் வைத்தது. நாளடைவில் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

புல்லுக்கு மட்டும் அல்லாட வேண்டியிருந்தது. சாலையோரத்தில் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை அங்கே களைக்கு மருந்து அடித்திருந்தது தெரியாமல் அறுத்துவந்து போட, ஒரு கூண்டு மொத்தமும் கால் விறைத்துக் கிடந்தது. அதற்கப்புறம் சாலையோரப் பக்கம் போகவே பயம். ஊருக்கு வெளியே மாடு வளர்க்கிற பால்காரரிடம் போய்க் கேட்டாள். அவருக்கு இரண்டு துண்டு மேய்ச்சல் நிலம். ஒன்று மேட்டில், காய்ந்த நிலம். இன்னொன்று வாய்க்காலை ஒட்டிப் பள்ளத்தில், எந்தக் காலத்திலும் பசுமையாக இருக்கும்.

"பள்ளத்துல அறுத்துக்கோம்மா. உன் கிளி என்ன, என் மாட்ட விடவா தின்னுடப்போகுது?" என்றார் அவர்.

அந்த மழைக்காலத்தில் பள்ளத்துப் புல் கண்ணைப் பறித்தது. ஈரம் சொட்டச் சொட்ட அறுத்து, சாக்கில் கட்டி, புருஷனின் பஸ்ஸிலேயே கடைசி சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவருவாள். வெட்டுக்கிளிகள் கொழுகொழுவென்று ஆயின. வயிறு புடைத்து நின்றது. "நம்ம கைராசி" என்று புருஷனிடம் பீற்றிக்கொண்டாள்.

முதலில் முட்டை நின்றது. சட்டியைக் கிளறிப் பார்த்தால் வெறும் மணல். இந்தப் புடைத்த வயிற்றுக்குள் முட்டைதான் இருக்க வேண்டும், இன்றைக்கு இடும் நாளைக்கு இடும் என்று காத்திருந்தாள். அப்புறம் அறையின் சத்தம் குறைந்தது. போட்ட புல் அப்படியே வாடிக் கிடந்தது. கூண்டுக்குள் கையை விட்டால் துள்ளி மூலைக்கு ஓட வேண்டியவை, எடுத்துக்கொள் என்பது போல உட்கார்ந்திருந்தன.

ஒரு நாள் காலையில் ஒரு பெட்டையை உள்ளங்கையில் எடுத்தாள். அதன் கழுத்தும் மார்பும் சேர்கிற இடத்தில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தையல் வேலை செய்த கை, நூல் முனை நீட்டிக்கொண்டிருந்தால் சும்மா விடுமா? இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். நூல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெட்டுக்கிளியைப் போல இரண்டு மடங்கு நீளம் வந்தபிறகு, மறுமுனையைத் தூக்கி அவள் விரலைச் சுற்றியது.

அவள் கத்தவில்லை. கையை அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க" என்றாள் கடைசியில். "இங்க வாங்களேன்."

முகத்தில் பாதி ஷேவிங் நுரையோடு வந்து நின்றவர் பார்த்தார். "என்னது, குடலா?"

"குடல் நெளியுமா?"

அவர் மீதி ஷேவிங்கை முடிக்காமலே டூட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்த சில நாட்களில் கூண்டின் தரையில் நூல்கண்டைப் பிரித்துப்போட்டதுபோல வெள்ளை வெள்ளையாக நெளிந்தன. வெளியே வந்த புழு ஈர மணலைத் தேடி ஓடி உள்ளே புகுந்துவிடும். அது விட்டுப்போன வெட்டுக்கிளி கொஞ்ச நேரத்தில் காலி உறையாகச் சாய்ந்துவிடும். ஒரு வெட்டுக்கிளிக்கு ஒரு புழு என்றும் இல்லை, சிலவற்றில் மூன்று நான்குகூட இருந்தன. உள்ளே புழுவைத் தவிர வேறொன்றுமே இருந்திருக்க முடியாது என்று தோன்றியது. இதற்கா நான் பார்த்துப் பார்த்துத் தீனி போட்டேன், இதையா கைராசி என்று சொல்லிக்கொண்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே கூண்டைக் கூட்டினாள்.

தம்பி ஃபோன் செய்தான். குரலில் சுரத்தே இல்லை. "அக்கா, உன் சரக்கு வாங்கின ஒருத்தரு வீட்டில, பல்லிப் பெட்டிக்குள்ள முழ நீளத்துக்கு ஒரு புழு கிடந்துதாம். அவரு பொண்டாட்டி பல்லியோட சேத்து அவரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்களாம். கடைக்கு வந்து நாலு பேரு முன்னாடி கத்திட்டுப் போறாரு. கொஞ்ச நாளைக்கு அனுப்பாத."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் சொல்றேனே."

பேச்சு தெருவுக்கும் வந்துவிட்டது. அந்த வீட்டுப் புழு மனுஷனுக்கும் தொற்றும் என்றார்கள். பக்கத்து வீட்டில் மொட்டைமாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புருஷன் மருந்துக்கடையிலிருந்து பூச்சி மாத்திரை வாங்கிவந்து, அவளுக்கு ஒன்று கொடுத்து, தான் ஒன்று போட்டுக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் இன்னொன்றும் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பஸ்ஸை மூன்று இடத்தில் நிறுத்தி இறங்கி ஓடினாராம்.

கிளியம்மா தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். சுத்தம். கூண்டுகளைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினாள். புழு மணலில்தான் ஒளிகிறது, ஆகையால் மணலில்தான் இருந்து வருகிறது என்று முடிவுகட்டி, வீட்டில் இருந்த எல்லாச் சட்டியின் மணலையும் பெரிய அண்டாவில் கொட்டிக் கொதிக்கவைத்தாள். மழைக்கு முன்னே முட்டையிட்டு, பிறகு பொரிக்கலாம் என்று குளிர்ச்சியான மூலையில் மூடிவைத்திருந்த பழைய சட்டிகளையும் விடவில்லை. போனால் போகட்டும், நோய் ஒழியட்டும் என்று கிளறினாள்.

நோய் ஒழியவில்லை. கொதித்த மணலைப் போட்ட கூண்டிலும் நூல் நெளிந்தது.

"விவசாய ஆபீஸ்ல பூச்சிக்குன்னு ஒரு செக்‌ஷன் இருக்கு. என் ரூட்டுலதான். வா, இறக்கிவிடறேன்" என்றார் புருஷன். உயிரோடு இருந்ததில் சிலவற்றை ஒரு டப்பாவிலும், புழுக்களை ஈரப் பஞ்சு வைத்த இன்னொரு டப்பாவிலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "என்ன, பலகாரமா?" என்று கேட்டாள். இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூச்சிப் பிரிவு மாடியில், கடைசி அறை. சுவரில் தண்ணீர் இறங்கின கறை. அலமாரி நிறையப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மிதந்தது. அங்கே இருந்த அதிகாரி அம்மாவுக்குத் தலையெல்லாம் நரை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். "நெத்தியில இருக்குங்க மேடம்" என்றாள் கிளியம்மா. அவர் சிரித்துக் கண்ணாடியை இறக்கி, டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்று கண் விரிந்தது.

"அடடே! இத்தனையா? எங்கேருந்து பிடிச்சீங்க? நான் இதை மேய்ச்சல் நிலத்தில தேடித் தேடி அலுத்துப்போய் விட்டுட்டேன். நூற்புழு, வெட்டுக்கிளிக்கு எமன்! இது இருக்கிற நிலம் குடுத்துவெச்ச நிலம்மா..." என்று சொல்லிக்கொண்டே போனவர், எதிரே இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார். "மன்னிச்சுக்குங்க. உக்காருங்க. முதல்ல நீங்க சொல்லுங்க."

கிளியம்மா சொன்னாள். சட்டைக் கம்பெனியில் தொடங்கி அண்டா வரைக்கும் சொன்னாள். அதிகாரி அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். இந்தப் புழு மனுஷனை ஒன்றும் செய்யாது, பறவையையும் பல்லியையும் செய்யாது. பூச்சிதான் அதற்கு வீடும் சோறும். நன்றாக வளர்ந்த பெண் புழு மண்ணுக்குள்ளே இருந்து மழை நாளில் மேலே வரும். ஈரப் புல்லைப் பிடித்து ஏறி, தாளின் மேல் முட்டைகளை ஒட்டவைத்துவிட்டு இறங்கிவிடும். வெட்டுக்கிளி புல்லைத் தின்னும்போது முட்டையும் உள்ளே போகும். குஞ்சுப் புழு உள்ளேயே இருந்து, ரத்தத்தைக் குடித்து, நீளமாக வளர்ந்து, ஒரு நாள் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தபிறகு மண்ணுக்குள் போய் ஒரு வருஷம், இரண்டு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் பட்டினி கிடக்கும். தின்றதெல்லாம் தின்றதுதான், அதற்கப்புறம் வாயே திறப்பதில்லை.

"மணல்ல இருந்து வரலையா?"

"இல்லம்மா. புல்லுல இருந்து."

"மருந்து?"

"கிடையாது. புல்லை மாத்தணும், அவ்வளவுதான். ஆனா ஒரு நல்ல விஷயம் இருக்கு. தாய்க்கு இருந்தாலும் முட்டை வழியா குஞ்சுக்குப் போகாது. மழைக்கு முன்னாடி வெச்ச முட்டைச் சட்டி ஒண்ணு ரெண்டு இருந்தாப் போதும், புதுசா ஆரம்பிச்சிரலாம். இருக்கில்ல?"

கிளியம்மா மடியில் இருந்த டப்பா மூடியை அழுத்தி மூடினாள். சரியாக மூடியிருக்கிறதா என்று மறுபடி அழுத்தினாள். "கொதிக்கவெச்சுட்டேன் மேடம். எல்லாத்தையும்."

அதிகாரி அம்மா எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

திரும்பும் வழியில் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பால்காரரிடம் போய் இறங்கினாள். உள்ளே கொதிப்பு. உன் புல்லால் என் குடி கெட்டது என்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனாள். போன இடத்தில் அவர் தொழுவத்து வாசலில் கைத்தெளிப்பானைக் கவிழ்த்து அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருந்து டப்பா.

"வாம்மா கிளியம்மா. உன் ஜாதிக்காரங்க என்னை மொட்டை அடிச்சுட்டாங்க. மேட்டுல வந்து பாரு, புல்லு இருந்த இடத்தில மண்ணு தெரியுது. நாளைக்கு மேடு பள்ளம் ரெண்டுக்கும் அடிச்சு ஒரேயடியா ஒழிச்சிரப்போறேன்."

திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் அவள் வாயில் அப்படியே நின்றுவிட்டது. "பள்ளத்துல அடிக்காதீங்கண்ணே" என்று சொன்னாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஏன்?"

"அங்க உங்களுக்கு ஏற்கனவே வேலைக்கு ஆள் இருக்கு."

இரண்டு பேரும் பள்ளத்துக்கு இறங்கினார்கள். புல் கணுக்கால் உயரம் நின்றது. வெட்டுக்கிளி அங்கேயும் இருந்தது, ஆனால் கூட்டமாக இல்லை. அவள் குனிந்து ஒன்றைப் பிடித்தாள், இன்னொன்றைப் பிடித்தாள். கூண்டில் நோய் பிடித்தவற்றைத் தூக்கித் தூக்கி அந்தக் கனம் அவள் கைக்குப் பழகியிருந்தது. பிடித்ததில் பாதிக்கு மேல் அதே கனம், அதே சோம்பல். ஒன்றை அவர் கண் முன்னாலேயே பிரித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளைச் சுருள். பால்காரர் இரண்டு அடி பின்னால் போனார்.

மேட்டில் பிடித்தவை எல்லாம் கையை உதைத்துக்கொண்டு பறந்தன. ஒன்றிலும் புழு இல்லை.

"உன் ஆளுங்க மேட்டுக்கு ஏன் வரல? ஏற முடியாதா?"

"ஈரம் வேணுமாம்."

"சரி, இதை நம்பி நான் சும்மா இருந்தா வெட்டுக்கிளி ஒழிஞ்சிருமா?"

அவளுக்கு அதே கேள்வி ஆபீசிலேயே தோன்றிக் கேட்டிருந்தாள். "உறுதியாச் சொல்ல முடியாதுன்னுதான் மேடம் சொன்னாங்க. சில வருஷம் நல்லா பிடிக்குமாம், சில வருஷம் ஏமாத்துமாம். ஆனா மருந்தடிச்சா வெட்டுக்கிளியோட சேத்து உள்ள இருக்கிற புழுவும் போயிரும். அப்புறம் வெட்டுக்கிளி எங்கிருந்தாவது பறந்து வந்துரும். புழு பறக்காது."

பால்காரர் தெளிப்பானையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளத்தை விட்டுவிடுவதாகச் சொன்னார். மேட்டில் அடித்தே தீருவேன், மாடு பட்டினி கிடக்க முடியாது என்றார். அதில் நியாயம் இருந்தது. மேட்டிலும் ஒரே ஒரு மூலையை, மாட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிந்து எப்போதும் சதசதவென்று இருக்கிற மூலையை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டாள். "என்கிட்ட இருக்கிறதை அங்க கொண்டுவந்து விடறேன்."

"எதை, வெட்டுக்கிளியையா? ஏம்மா, வெட்டுக்கிளிக்குப் பயந்து மருந்தடிக்கிறவன்கிட்டயே வந்து வெட்டுக்கிளிய விடட்டுமான்னு கேக்கறியே!"

"புழுவை மட்டும்ணே."

"அதுக்கு மட்டும் நல்லா இடம் கேக்கறே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் சரி என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் விநோதமானவை. பின்னறையில் இருந்த வெட்டுக்கிளிகளை ஒரு வாளி கொதிநீரில் முடித்திருக்கலாம். புருஷனும் அதைத்தான் சொன்னார். அவள் செய்யவில்லை. பல்பைப் போட்டு, வாடாத புல் வைத்து, ஒவ்வொன்றும் தன் நேரம் வந்து சாய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்த புழுக்களை ஈர மணல் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் கொண்டுபோய்த் தொட்டி மூலையில் குழி பறித்துக் கொட்டி மூடிவிட்டு வந்தாள்.

முதல் டப்பாவைக் கொட்டும்போது கை கூசியது. இரண்டாவது தடவை கூசவில்லை, கோபம்தான் இருந்தது. தன் பிழைப்பில் மண்ணைப் போட்டவற்றுக்குத் தானே குழி வெட்டி இடம் பார்த்துக் கொடுக்கிறோமே என்று இருந்தது. அப்புறம் அதுவும் தேய்ந்துவிட்டது. கூண்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கையில் யோசிப்பாள். அவளும் புல் போட்டு வளர்த்தவற்றைப் பெட்டியில் அடைத்து யாருடைய பல்லிக்கோ அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் பல்லியை அவள் பார்த்ததில்லை, பெட்டி போனபின் என்ன நடக்கும் என்று நினைத்ததும் இல்லை. இங்கே எல்லாம் கண் எதிரே நடந்தது, அதுதான் வித்தியாசம். வெட்டுக்கிளி மேல் பரிதாபமாக இருந்தது. புழுவை வெறுக்கவும் முடியவில்லை. சோறு கிடைத்த ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மண்ணுக்குள் மூச்சுக்காட்டாமல் கிடக்கப்போகிற ஜீவன். அறை நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டு வந்தது. கடைசிக் கூண்டும் காலியான அன்று புருஷன் எல்லாப் பல்பையும் கழற்றித் துடைத்துப் பழைய அட்டைப்பெட்டியில் அடுக்கினார்.

சரக்கு அனுப்பாதே என்ற தம்பி, அனுப்பு என்று சொல்லவே இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே வந்து நின்றான். கையில் துணி போட்டு மூடிய மீன் தொட்டி. செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது.

"என்னடா அது?"

"நீ திட்டமாட்டேன்னு சொன்னாத்தான் திறப்பேன்."

"திட்டுவேன். திற."

உள்ளே, அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால், வற்றலாக, ஆனால் உயிரோடு, கைப்பிடி அளவுக்கு வெட்டுக்கிளிக் குஞ்சுகள். மழைக்கு முன்னால் ஒரு நாள், கடைக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி அவன் ஒரு முட்டைச் சட்டி வாங்கிப் போயிருந்தான். அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"காட்டறதுக்கு இல்லக்கா," தரையைப் பார்த்துச் சொன்னான். "நானே வளத்துக்கிட்டா உன்கிட்ட வாங்க வேண்டாமேன்னு நினைச்சேன். பொரிச்சுது. முட்டைகோஸ் இலைதான் போட்டேன். பாதி செத்துப்போச்சு, மீதியில பாதி தப்பிச்சுப் போச்சு. ஒண்ணு பக்கத்துத் துணிக்கடையில பொடவை மேல உக்காந்து பெரிய ரகளை. என்னால ஆகலக்கா. நீயே வெச்சுக்கோ."

"கூடப் பொறந்த அக்காவையே கவுக்கப் பாத்தியாடா?"

"பாத்தேன்" என்றான் அவன், பாவமாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாகத் திரும்பி, மறுபடி சிரிப்பாகவே வெளியே வந்தது. தம்பிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து அவள் புருஷன் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "எந்தக் கூண்டுக்கு முதல்ல போடணும்?" என்று கேட்டார்.

இந்தத் தடவை வெளிப் புல்லே வேண்டாம் என்று வைத்தாள். கோதுமையை ஊறவைத்துத் தட்டில் பரப்பி, சமையலறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக முளைக்கவிட்டாள். விரல் நீளம் வளர்ந்ததும் கத்தரியால் வெட்டிப் போடுவாள். கூடத் தவிடு. கொழுகொழுப்பு இல்லை. ஆனால் கூண்டுக்குள் கையை விட்டால் பயந்து சிதறின. பெட்டைகள் மணலில் வயிற்றைச் செருகி முட்டையிட்டன. பல்லிக்காரர் முதலில் யோசித்தார். அதிகாரி அம்மாவே ஒருமுறை தம்பி கடைக்கு வந்து, அந்தப் புழுவால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நாலு பேர் முன்னால் சொன்ன பிறகுதான் மறுபடி வாங்க வந்தார். அவர் மனைவி மட்டும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை என்று கேள்வி.

மேட்டு நிலத்தில் பால்காரர் மருந்தடித்தார். வெட்டுக்கிளி மடிந்தது. மறுவருஷம் பழையபடி வந்து சேர்ந்தது. அதற்கடுத்த மழைக்காலத்தில் அவர் ஃபோன் செய்தார். "இப்பவே வா. மழை நிக்கறதுக்குள்ள வா."

தொட்டி மூலையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டிய பிறகு தெரிந்தது. ஒரு புல் தாளின் நுனியில், சாண் நீளத்தில் பாதி இருக்கும், கருத்த நூல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வயிறு முழுக்க முட்டை, அதனால் அந்த நிறம். தலைப்பக்கத்தைக் காற்றில் நீட்டி, இங்கும் அங்கும் ஆட்டித் துழாவி, அடுத்த தாளைத் தொட்டுப் பிடித்தது. பக்கத்துத் தாளில் இன்னொன்று. அதற்கப்பால் ஒன்று. அவள் வெள்ளையாகக் கொண்டுவந்து புதைத்தவைதானா, இல்லை வாய்க்காலிலிருந்து தாமாக வந்தவையா என்று யார் சொல்ல முடியும்? அவள் முழங்கால் நனைய உட்கார்ந்து பார்த்தாள். ஒரு வெட்டுக்கிளி அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மழை விடுவதற்குக் காத்திருந்தது.

"போயிரு," என்றாள் அதனிடம் மெதுவாக. அது போகவில்லை.

அந்த வருஷம் மேட்டில் புல் நின்றது. பால்காரர் தெளிப்பானை எடுக்கவே இல்லை. புழுதான் காரணம் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளியம்மா அதிகாரி அம்மாவிடம் கேட்டாள். "இருக்கலாம். நல்ல மழை வருஷம், அதனாலயும் இருக்கலாம். ஒரே மூலையிலேருந்து அவ்வளவு தூரம் பரவியிருக்குமாங்கறது எனக்குச் சந்தேகம்தான்" என்றார் அவர். அந்தப் பதில் அவளுக்குப் பால்காரரின் பெருமையை விடப் பிடித்திருந்தது.

பால்காரருக்கு மூட்டுவலி வந்தது. பிள்ளைகள் மாடு பார்க்க வரவில்லை. மேட்டு நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டு, பள்ளத்தையும் நாலு மாட்டையும் மட்டும் வைத்துக்கொண்டார். மண்வெட்டும் இயந்திரம் வந்து மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றியது. அதைப் பார்க்க வேண்டும் என்று அவள் போகவில்லை, கோதுமை வாங்கிவிட்டு வரும்போது பஸ் அந்த வழியாகப் போனது. தொட்டி இருந்த மூலை ஏற்கெனவே பள்ளமாகிவிட்டிருந்தது. அவள் இறங்கி, லாரி டிரைவரிடம், "இந்த மண்ணை எங்கப்பா கொட்டுவீங்க?" என்று கேட்டாள்.

"கேக்கறவங்களுக்கெல்லாம்தாம்மா. பள்ளிக்கூட மைதானம், புதுசா போடற பூங்கா, வீட்டுத் தோட்டம். நல்ல மண்ணு, போட்டி போட்டு வாங்கறாங்க. உங்களுக்கு வேணுமா?"

"வேண்டாம்" என்றாள். அவளுடைய வேகத்தைப் பார்த்து அவன் திகைத்துப்போனான்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த புருஷன், சட்டையைக் கழற்றாமல் நேரே பின்னறைக்குப் போய்ப் பல்புகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "பஸ் டெப்போவில தோட்டம் போடறாங்க. இன்னைக்கு ஒரு லோடு மண்ணு வந்து இறங்குச்சு" என்றார். "மேட்டு மண்ணுதான்னு லாரி டிரைவர் சொன்னான். உன் ஆளுங்க பொழச்சிருப்பாங்களா?"

"ஈரம் இருந்தா பொழைக்கும். தண்ணி ஊத்துவாங்களா?"

"எங்க ஊத்தறது? நட்டுட்டு ஃபோட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "பஸ் கழுவற தண்ணியை வேணா அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொல்றேன்."

அவள் கத்தரியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரத் தட்டுகளிடம் போனாள். "சோப்புத் தண்ணி வேண்டாம்" என்றாள் அங்கிருந்தே. "கடைசியா அலசற தண்ணியை மட்டும் விடச் சொல்லுங்க."